ஒரு ஜி.பி. பொதுநடை

செவ்வாய்க் கிரகத்துக்கு முதலில் போனவர்கள் திருச்செங்கோட்டுக்காரர்கள் என்று ஊரில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது தவறு. நாங்கள் இரண்டாவதாகத்தான் போனோம். முதலில் போனவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. அதனால் எங்களைக் கூப்பிட்டார்கள்.

உலகத்தில் எந்த மூலையில் போர்வெல் போடுவதென்றாலும் எங்கள் ஊர் ரிக் லாரி போகும். செவ்வாய்க்குப் போனதில் ஒரே ஒரு சங்கடம், வழியில் டீக்கடை இல்லை.

நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவரையும் கூடவே கூட்டிப் போனோம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். செவ்வாயில் எல்லாவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு எடைதான் என்பதால் அங்கே தேங்காய் எல்லா இடத்திலும் எழுந்து நின்றது. அடுத்த கப்பலில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, தேங்காயைச் சட்னி அரைத்துவிட்டோம்.

குடியிருப்புக்குச் செம்பாளையம் என்று பெயர். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எங்கள் ரிக், அர்த்தநாரிக்கும் அவன் தங்கை பூங்கோதைக்கும் அவர்கள் அப்பா விட்டுப்போனது. அர்த்தநாரி துளைப்பவன், பூங்கோதை கேட்பவள். சம்மட்டி பாறையில் இறங்கி ஓய்ந்ததும், கீழே ஓடும் அதிர்வைத் தண்டின் வழியாகக் கேட்டு எங்கே தண்ணீர் இருக்கிறது என்று சொல்வாள். ரிக்கின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் பெயர் சென்னியப்பன். இருவரும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், உறவு ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் மிகப் பழையது. நாற்பது ஜி.பி. ஹார்டு டிஸ்க், அரை ஜி.பி. நினைவகம். அதைப் பார்த்துச் சிரித்தவர்களின் புதுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரு மாதத்துக்குள் செத்துப்போயின. அங்கே வானத்திலிருந்து கதிர்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். புதுச் சில்லுகளுக்குள் கோடுகள் தலைமுடியைவிட மெல்லியவை, ஒரு துகள் பட்டால் போதும். எங்களுடையதில் கோடுகள் வண்டிப் பாதை மாதிரி இருக்கும். துகள் வந்து மோதிவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும்.

பூங்கோதையின் கம்ப்யூட்டரும் அப்படிப் போனதுதான். அதன் பிறகு எங்கள் கிழத்திலேயே இருவரும் வேலை செய்ய வேண்டியதாயிற்று. அர்த்தநாரியின் துளைக்கும் நிரல் ஒரு பழைய விண்டோஸில் மட்டும் ஓடும், பூங்கோதையின் கேட்கும் நிரல் லினக்ஸில் மட்டும் ஓடும். இரண்டு இயக்குதளத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். ஒன்றை அணைத்து இன்னொன்றைக் கிளப்ப நாலு நிமிடம் இருபது விநாடி ஆகும்.

பூங்கோதை சொன்ன இடங்களில் பதினொரு துளை போட்டார்கள். பதினொன்றும் வறண்டுபோயின. பதினொன்றாவது அன்று சாப்பாட்டுக்கூடத்தில் நூறு பேர் இருக்கையில் அர்த்தநாரி சொன்னான். "நான் என்னங்க பண்ணட்டும்? புள்ளி குறிக்கறது அவ. காது சரியில்லாதவ கிட்டப் புள்ளி கேட்டா இப்படித்தான்."

பூங்கோதை தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் பாகம் கேட்டாள்.

செம்பாளையத்தில் பஞ்சாயத்து என்றால் நல்லசிவம் என்ற பெரியவரும் அவருக்குத் தலையாட்ட மூன்று பேரும். ரிக்கை வெட்ட முடியாது, ஆகவே பொதுக்கிணற்றில் தண்ணீர் முறை விடுவதைப்போல நேரத்தைப் பிரித்தார்கள். நள்ளிரவிலிருந்து உச்சிவரை அண்ணன், உச்சியிலிருந்து நள்ளிரவுவரை தங்கை. ஆனால் செவ்வாயில் ஒரு நாளுக்கு இருபத்துநாலு மணியோடு முப்பத்தொன்பது நிமிடம் அதிகம். அந்த முப்பத்தொன்பது நிமிடம் யாருக்கு என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில், குடியிருப்பை நடத்தும் நீர் வாரியம் அதை எடுத்துக்கொண்டு உச்சிப்பொழுதில் வைத்தது. தன் இயக்குதளத்தையும் அதே டிஸ்க்கில் போட வேண்டும், தினமும் அந்த நேரத்தில் அதைக் கிளப்பிப் பழைய துளைகளையும் சேர்த்து இடத்தையும் ஆழத்தையும் பதிய வேண்டும், இருவரும் நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டது.

பிறகு டிஸ்க்கைப் பிரிக்க உட்கார்ந்தோம்.

"நாலெல்லை சொல்லுங்க" என்றார் நல்லசிவம், பத்திரம் எழுதத் தயாராக.

"டிஸ்க்கு வட்டமுங்க. எல்லை கிடையாது."

"எல்லையில்லாத சொத்துக்குப் பத்திரம் எழுத முடியாதுங்க சென்னியப்பன்."

ஆகவே டிஸ்க்கின் வெளிவட்டத்தைக் கிழக்கு என்று வைத்துக்கொண்டோம். பிரிக்கிறவர் கடைசியில் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்தவன் என்பதால் அர்த்தநாரி பிரித்தான். பூங்கோதை முதலில் எடுத்தாள், கிழக்கை எடுத்தாள். வெளிவட்டத்தில் டிஸ்க் வேகமாகப் படிக்கும் என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஆளுக்குப் பன்னிரண்டு ஜி.பி. ஆயிற்று. வாரியத்தின் இயக்குதளத்துக்கு, முக்கால்வாசி விதிமுறைகள் என்பதால், பதினாறு கேட்டார்கள்.

"எல்லாஞ் சரி, நடை எங்கீங்க?" என்றார் நல்லசிவம்.

"கம்ப்யூட்டருக்குள்ள யாருங்க நடக்கப் போறாங்க?"

"வழி விடாம நான் இதுவரைக்கும் ஒரு பாகமும் பிரிச்சதில்ல. விடுங்க."

வாரியத்திடமிருந்து ஒரு ஜி.பி.யைப் பிடுங்கிப் பொதுநடையாக விட்டேன். இரண்டு இயக்குதளமும் அதைப் படிக்கலாம், அதில் எழுதலாம். பத்திரத்தில் நல்லசிவம் இப்படி எழுதினார்: ‘மேற்படி நடையில் இருவருக்கும் போகவர உரிமை உண்டு. இருவரும் ஒருவரையொருவர் வாய்விட்டுக் கேட்டுச் சம்மதித்தாலன்றி அதில் எதுவும் கட்டலாகாது.’

அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பன்னிரண்டாவது துளை தொடங்கியது. அவன் முறையில் துளைத்துவிட்டு நடையில் ஒரு குறிப்பு போட்டுவிட்டுப் போவான். அவள் தன் முறையில் தண்டை லேசாகத் தட்டிக் கேட்டுவிட்டுப் பதில் போடுவாள். டிஸ்க்கைச் சரிபார்ப்பது என் வேலை, அதனால் படித்தேன். சரிபார்க்கத் தேவையில்லாதவற்றையும் படித்தேன்.

‘ஆழம் 310. பாறை கறுப்பு. – துளைப்பவர்.’

‘எதிரொலி மந்தம். மேலும் போகலாம். – கேட்பவர்.’

‘ஏணியின் நாலாம் படியில் உறைபனி. பிடித்துக்கொண்டு ஏறவும். – துளைப்பவர்.’

‘பார்த்தேன். அலமாரியில் இருக்கும் ஊறுகாய் காரம். துளைப்பவரின் வயிற்றுக்கு ஆகாது. – கேட்பவர்.’

ஏணியைப் பற்றி அவன் எழுதியதற்குக் காரணம் இருந்தது. பூங்கோதைக்கு அப்போது எட்டு மாதம்.

இதற்கிடையில் வாரியம் ஓர் ஓலை அனுப்பியது. பத்தொன்பதாம் தேதி கப்பல் வருகிறது. அதற்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் செம்பாளையம் காலி, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஏற வேண்டும், யாரையும் விட்டுவைக்க விதி இல்லை. எங்கள் டாக்டர் பூங்கோதையைப் பார்த்துவிட்டு வாரியத்துக்கு எழுதினார். கப்பல் கிளம்பும்போது உடம்பின் எடை ஆறு மடங்காகும், எட்டு மாதக் குழந்தை அதைத் தாங்காது என்று. வாரியம் பதில் போட்டது: வருந்துகிறோம், ஜன்னலோர இருக்கை தரப்படும்.

பதினெட்டாம் தேதி உச்சிப்பொழுது. துளை 391 மீட்டரில் நின்றது, உள்ளே தூசி. வெளியே மக்கள் பெட்டிகளோடு வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். ரிக்கின் அறைக்கு வாரிய ஆய்வாளர் அமலோற்பவம் அரக்கும் முத்திரையும் எடுத்துக்கொண்டு வந்தார். தூத்துக்குடிப் பக்கம், விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று பெயர் வாங்கியவர்.

"கடைசிப் பதிவு அண்ணாச்சி. முப்பத்தொன்பது நிமிஷம். முடிஞ்சதும் ரிக்குக்கு முத்திரை வைக்கணும்."

கைநாட்டுக்காக அண்ணனும் தங்கையும் வந்திருந்தார்கள். நாள்தோறும் இருவரும் ஒரே அறையில் இருக்கும் நேரம் அது ஒன்றுதான். அவன் இந்தச் சுவரைப் பார்த்து நின்றான், அவள் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"மாமா, அங்க உட்காந்திருக்கறவங்ககிட்டச் சொல்லுங்க" என்றான் அர்த்தநாரி. "தண்டுல ஒரு நடுக்கம் வந்துச்சு. விடியக்காலம்."

"மாமா, அங்க நிக்கறவங்ககிட்டச் சொல்லுங்க" என்றாள் பூங்கோதை. "லேசாத் தட்டுனா எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. பெருசா அடிச்ச உடனே கேக்கணும். அதிர்வு இந்தப் பாறையில முப்பது விநாடிதான் நிக்கும். நாலு நிமிசம் இருவது விநாடி கழிச்சு வந்து நான் என்னத்தக் கேக்கறது?"

இரண்டு பேச்சையும் மூன்றடி தூரத்துக்கு எடுத்துச் சென்று சேர்த்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. முன்பே வந்திருக்கலாம், வரவில்லை.

"அணைக்க வேண்டாம்" என்றேன். "தூங்க வைப்போம். ஒரு இயக்குதளம் நினைவகத்துல இருக்கறத அப்படியே டிஸ்க்குல கொட்டிட்டுப் படுத்துக்கும். எழுப்புனா விட்ட இடத்துல இருந்து தொடங்கும். அர்த்தநாரி அடிக்கட்டும். தூங்க வைக்கறேன். பூங்கோதைய எழுப்பறேன். மாறிக்க இருவது விநாடி போதும். மீதிப் பத்து விநாடி கேளுங்க. பொறகு மறுபடியும் அடி."

"படுக்க இடம்?" என்றான் அர்த்தநாரி. "என்ற பாகம் நிறைஞ்சு கிடக்குதுங்க."

"என்ற பாகமுந்தான்" என்றாள் பூங்கோதை சுவரிடம்.

"ஆளுக்கு அரை ஜி.பி. வேணும். நடை சரியா ஒரு ஜி.பி."

டிஸ்க் டிக் டிக் என்றது.

"அப்ப நடையில குறிப்புப் போட முடியாதே மாமா" என்றாள் பூங்கோதை. "நான் கேட்டத அவருக்கு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான். ஒருத்தர் தூங்கறப்ப இன்னொருத்தர் நடையில ஒரு எழுத்து எழுதுனாலும் ரெண்டும் கெட்டுப்போகும்."

அர்த்தநாரி தொண்டையைச் செருமினான். "மாமா, அந்தப் புள்ளைக்குச் சம்மதமான்னு கேளுங்க."

"நான் கேட்டாச் செல்லாது. பத்திரத்துல ஒருவரையொருவர் வாய்விட்டுன்னு இருக்குது."

"அப்படித்தான் இருக்கு" என்றார் அமலோற்பவம். "நான் வாசிச்சிருக்கேன்."

வெளியே வரிசையில் யாரோ பெட்டியைக் கீழே போட்டது கேட்டது. அர்த்தநாரி சுவரிடம் சொன்னான். "நடையில கட்டிக்கலாமா?"

"யாரக் கேக்கறீங்க?"

அவன் சுவரிலிருந்த ஆணியை நகத்தால் சுரண்டினான். "பூங்கோத."

"ம்."

"‘ம்’ங்கிறதச் சம்மதமா எடுத்துக்கிட முடியாதும்மா" என்றார் அமலோற்பவம்.

"சரிங்கண்ணா. கட்டிக்கலாம்."

இனி மீதம் ஒரே சிக்கல். அது வாரியத்தின் நேரம், வாரியத்தின் இயக்குதளத்தைக் கிளப்ப வேண்டிய நேரம். நான் அமலோற்பவத்தைப் பார்த்தேன். அவர் பூங்கோதையின் வயிற்றைப் பார்த்தார். பிறகு, இன்னும் ஒன்றுமே தோன்றாத திரையைப் பார்த்தார்.

"வாரிய இயக்குதளம் எழும்ப எம்புட்டு நேரமாகும் அண்ணாச்சி?"

"இருபத்தாறு நிமிசம்."

"இன்னிக்கு அதவிட மெதுவா இருக்கும்போல" என்று சொல்லிவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஆரம்பித்தோம். அடி. தூக்கம். கேள். தூக்கம். அடி. ஹார்டு டிஸ்க் இரும்புக் கடையைப் போலச் சத்தம் போட்டது. முதல் மூன்று முறை இருவரும் எண்களை மட்டும் சொன்னார்கள். நாலாவது முறை, "கொஞ்சம் மெல்ல அடிங்கண்ணா, காதே போகுது" என்றாள். "காது இருந்தாத்தான போறதுக்கு" என்று அவன் வாய் தவறிச் சொன்னான். "இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல" என்றாள் அவள். வேலை தொடர்ந்தது.

ஏழாவது அடியில் அவள் முகம் மாறியது. "தண்ணி இருக்குது. சத்தியமா இருக்குது. விரிசல்ல நிக்குது, கோணிப்பை அகலந்தான்." எட்டாவதில் குழம்பினாள். ஒன்பதாவதில் காதுக்குழாயைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"கணக்கு ஒட்டல மாமா. என்ற புள்ளிக்கு நேர் கீழ வரணும். வரல. பக்கத்துல எங்கியோ கேக்குது. ஒவ்வொரு தடவையும் தப்பு வருது." குரல் தாழ்ந்தது. "அண்ணன் சொன்னது நெசந்தானாட்டம் இருக்குது. என்ற காதுதான் சரியில்ல. விடுங்க. கப்பல்ல ஏறிக்கலாம்."

மீதி பதினேழு நிமிடம். அர்த்தநாரி பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நூறு பேர் முன்னால் அவன் சொன்னது உண்மையாகவே கடைசிவரை நின்றிருக்கும்.

அவன் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"உன்ற காது நல்லாத்தான் இருக்குது. தப்பு எத்தன மீட்டரு வருது?"

"மூணு."

"புள்ளிய நாந்தான் நகர்த்துனேன். மூணு மீட்டரு. லாரி திரும்பல."

"இந்தத் தொளையிலயா?"

"எல்லாத்துலயும்."

"பன்னெண்டுலயுமா?"

"மூணு மீட்டருல என்ன ஆயிரும்னு நெனச்சேன் பூங்கோத. அப்பனும் அப்படித்தான் போடுவாரு. பொறகு எல்லாரு முன்னாடியும் அப்படிப் பேசிப்போட்டேன். பேசுனத எப்படித் திருப்பறதுன்னு தெரியல."

அமலோற்பவம் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கவனமாகப் பார்த்தார். நான் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தேன். பூங்கோதை அண்ணனை ஒரு முறை முழுதாகப் பார்த்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"தெக்கால."

"எல்லாமே தெக்காலயா?"

"எப்பவும் கெழக்க பாத்துத்தான வர்றேன். வண்டி இடப்பக்கந்தான் திரும்பாது."

காதுக்குழாயை எடுத்து மாட்டிக்கொண்டாள். கணக்கில் மூன்றைத் திருத்தினாள். எல்லாம் ஒட்டின.

"வடக்கால பதினெட்டுப் பாகை சாய்ச்சு அடிங்க. ஒம்போது மீட்டரு. ஒரு விரக்கடை விலகுனாலும் நான் உங்களச் சும்மா விடமாட்டேன்."

"விலகாது."

அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரமாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் அடித்தான், அவள் கேட்டாள். இடது, வலது, மெல்ல, இன்னும், நில். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினார்கள், சிறு வயதில் உடைந்த ஒரு சைக்கிளைப் பற்றியும் நடுவில் கொஞ்சம் சண்டை போட்டார்கள். கிழக் கம்ப்யூட்டர் பதினைந்து நிமிடத்தில் இருபத்திரண்டு முறை தூங்கி இருபத்திரண்டு முறை எழுந்தது. நான் என் வாழ்நாளில் அப்படித் தூங்கியதும் இல்லை, எழுந்ததும் இல்லை.

முப்பத்தேழாவது நிமிடத்தில் சம்மட்டியின் சத்தம் மாறியது. காதுக்குழாய் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"தண்டத் தூக்குங்க" என்றாள் பூங்கோதை.

தூக்கினான். நானூறு மீட்டர் ஆழத்தில் கோடிக்கணக்கான வருடம் நெருக்கிக்கொண்டு கிடந்த தண்ணீர் குழாய் வழியாக ஏறி வந்தது. அங்கே எடை குறைவு, காற்றும் பேருக்குத்தான். ஆகவே அது தென்னை உயரத்தில் நிற்கவில்லை, திருச்செங்கோட்டு மலை உயரத்துக்குப் போயிற்று. மேலே போனது தண்ணீர், கீழே வந்தது பனி. சிவந்த மண்ணில் வெள்ளையாக விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் கத்தவில்லை. முன்னால் நின்ற அம்மாள் தன் பெட்டியைத் திருப்பி வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். முந்நூறு பேர் பெட்டிமேல் உட்கார்ந்து பனி விழுவதைப் பார்த்தார்கள்.

அமலோற்பவம் கடிகாரத்தைப் பார்த்தார். "முப்பத்தொன்பது" என்று சொல்லி, அரக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கப்பல் வந்தது, ஆள் இல்லாமல் திரும்பிப் போயிற்று. பூங்கோதைக்கு அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. பூமிக் கணக்கில் மூன்றேகால் கிலோ, செவ்வாய்க் கணக்கில் ஒன்றேகால். அர்த்தநாரி தாய்மாமன் தொட்டில் கட்டினான். கட்டிய இடம் சரியில்லை என்று பூங்கோதை அளந்து சொல்ல, அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

வாரியம் மட்டும் விடவில்லை. தண்ணீர் தங்களுக்குச் சொந்தம் என்று விசாரணை வைத்தது. அமலோற்பவம் பதிவேட்டைத் திறந்து வாசித்தார். பதிவேட்டில் பன்னிரண்டு துளைகளும் பூங்கோதை குறித்த புள்ளிகளில்தான் இருந்தன, எல்லாம் வறண்டவை. தண்ணீர் வந்த இடம் பன்னிரண்டாவது புள்ளியிலிருந்து மூன்று மீட்டர் தெற்கே. அந்த இடத்தில் வாரியக் கணக்குப்படி துளையே கிடையாது. அன்றைய பதிவிலும் துளைத்ததாக ஒரு வரி இல்லை. மனிதர் தோண்டாமல் வருவது இயற்கை ஊற்று என்றும், இயற்கை ஊற்று அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொந்தம் என்றும் விதிப் புத்தகம் சொல்கிறது. பக்க எண்ணோடு சொன்னார். வாரியம் தலையாட்டியது.

அதற்கப்புறம் மீதமிருந்த பதினொரு துளைகளுக்கும் நாங்கள் ஒவ்வொன்றாகப் போனோம். தினமும் அந்த முப்பத்தொன்பது நிமிடத்தில்தான் வேலை. வாரிய இயக்குதளம் அந்த ஆண்டு முழுவதும் மெதுவாகவே இருந்தது.

பூமியிலிருந்து ஏழு விஞ்ஞானிகள் வந்திறங்கினார்கள். ஒரே குடியிருப்பில் பன்னிரண்டு இயற்கை ஊற்றுகள், ஒவ்வொன்றும் பதிவான ஒரு வறண்ட துளைக்குச் சரியாக மூன்று மீட்டர் தெற்கே. இப்படி ஒன்று சூரிய மண்டலத்தில் வேறெங்கும் இல்லையாம். தலைமை விஞ்ஞானி கருவிகளோடு நாலு மாதம் அலைந்துவிட்டு, இடுப்பில் குழந்தையோடு நின்ற பூங்கோதையிடம் வந்து கேட்டார்.

"நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கறவங்க. ஏன் எல்லாமே தெற்குப் பக்கமா வருதுன்னு உங்களுக்கு ஏதாவது தோணுதாம்மா?"

பூங்கோதை அண்ணனைப் பார்த்தாள். அர்த்தநாரி தலையைச் சொறிந்தான்.

"இந்தக் கிரகம் அப்படித்தானுங்க" என்றாள் அவள். "இடப்பக்கம் திரும்பாது."

அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.